நீட் கிடைக்காமல் அல்ல, விரும்பியே பார்மசி: இந்தத் துறைக்கு நீங்கள் எதனால் வந்தீர்கள்?

குலசேகரம் மாணவி

அனைவருக்கும் வணக்கம். பிளஸ் டூ உயிரியல் பிரிவில் முடித்திருக்கிறேன். பி.பார்ம் எனும் மருந்தியல் பட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் முதலில் கேட்பது "நீட்டில் எவ்வளவு?" என்பதுதான். நான் நீட் எழுதவே இல்லை என்றால் நம்புவதில்லை. மருத்துவம் கிடைக்காதவர்கள் போய் ஒதுங்குகிற இடம் பார்மசி என்று ஊரில் ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. எனக்கு அதுதான் முதல் விருப்பம். வாய்விட்டுச் சொன்னால், மனதைத் தேற்றிக்கொள்ளப் பேசுகிறேன் என்று நினைக்கிறார்கள். அதனால் துறையில் ஏற்கெனவே இருப்பவர்களிடம் கேட்கலாம் என்று வந்தேன்.

என் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பாட்டிக்குக் கைவிரல் மூட்டுகள் வீங்கி, காலையில் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் போனது. திருவனந்தபுரத்தில் காட்டினோம். முடக்குவாதம் என்று சொல்லி மாத்திரைகள் எழுதிக்கொடுத்தார்கள். அதில் ஒன்று மெத்தோட்ரெக்சேட். அந்த மருத்துவமனைக் கூட்ட நெரிசலில், மலையாளத்தில் வேகமாகச் சொன்னதில், அப்பாவின் மனதில் நின்றது "இரவு சாப்பாட்டுக்குப் பிறகு" என்பது மட்டும்.

ஊருக்கு வந்து ஒரு கடையில் சீட்டை நீட்டினோம். கவுண்டரில் நின்ற அக்கா மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே, "இதை எந்தக் கிழமை கொடுக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டார். "தினமும்தானே" என்றார் அப்பா. அக்கா அட்டையைக் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டார். இது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டியது, தினமும் கொடுத்தால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தாக முடியும் என்று நிதானமாக விளக்கினார். சீட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினார். பிறகு மாத்திரை போடும் காகித உறையில் பேனாவால் "ஞாயிறு மட்டும்" என்று பெரிதாக எழுதினார். கூட வந்த ஃபோலிக் அமில (ஒரு வைட்டமின்) மாத்திரையின் உறையில் "ஞாயிறு வேண்டாம்" என்று எழுதினார். அப்பாவைத் திரும்பச் சொல்லவைத்துவிட்டுத்தான் பில் போட்டார். பின்னால் நாலைந்து பேர் முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள்.

மருத்துவர் சரியாகத்தான் எழுதியிருந்தார். மருந்தும் சரியான மருந்துதான். நடுவில் ஒருவர் கேட்காமல் விட்டிருந்தால் பாட்டி இன்று இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்கிற இடத்தில் நான் நிற்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

உங்களை இந்தத் துறைக்கு இழுத்தது எது? வந்த பிறகும் அது நிலைத்திருக்கிறதா? அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. மழை பிடித்துக்கொண்டால் வெட்டு கிடையாது, கூலியும் கிடையாது. நாலு வருடக் கட்டணம் எங்களுக்குச் சிறிய தொகை இல்லை. ஆகவே கசப்பானதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

தக்கலை மருந்தாளுநர்

தங்கச்சி, "எந்தக் கிழமை?" என்று அந்த அம்மா கேட்டதில் எங்கள் படிப்பு முழுவதும் இருக்கிறது. "தினமும் சாப்பிடாதீர்கள்" என்று சொல்லியிருந்தால் அப்பா தலையை ஆட்டிவிட்டுப் போயிருப்பார். கேள்வியாகக் கேட்டதால்தான் அவர் என்ன புரிந்துவைத்திருக்கிறார் என்பது வெளியே வந்தது.

நான் வந்த கதை: என் அண்ணனுக்குக் காசநோய் வந்தது. ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அது மருந்தின் நிறம், கெடுதல் இல்லை. அவருக்கு அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ரத்தம் போகிறது என்று பயந்து, வெட்கத்தில் வீட்டிலும் மறைத்து, மாத்திரையை நிறுத்திவிட்டார். இருமல் நின்றிருந்ததால் நோய் போய்விட்டது என்று நாங்களும் நம்பினோம். அது திரும்பி வந்தபோது முன்னைவிட மோசமாக வந்தது. மீண்டும் முதலிலிருந்து, இன்னும் நீண்ட சிகிச்சை. ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும் என்ற ஆற்றாமைதான் என்னை டி.பார்ம் எனும் பட்டய வகுப்பில் உட்காரவைத்தது. இன்றைக்கும் அந்த மருந்து என் கையிலிருந்து போகும்போது அந்த வாக்கியமும் சேர்ந்தே போகிறது.

நிலைத்திருக்கிறதா என்று கேட்டாய். நிலைத்திருக்கிறது. அதற்கு நம் கன்னியாகுமரி மாவட்டமும் ஒரு காரணம். இங்கே பாதிச் சீட்டுகள் திருவனந்தபுரத்திலிருந்து வருகின்றன. அங்கே புழங்குகிற கம்பெனிப் பெயர்கள் பல நம் பக்கத்து மொத்த விற்பனையாளர்களிடம் கிடைப்பதில்லை. பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவர் "இல்லை" என்று கையை விரித்துவிடுவார். மூலப்பொருள் என்ன, எத்தனை மில்லிகிராம், மெதுவாகக் கரைகிற வகையா இல்லையா என்று தெரிந்தவர்தான் அந்த நோயாளிக்கு வழி காட்ட முடியும். அப்போதும் நம் விருப்பத்துக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய அட்டவணை எச் மருந்துகளில், உள்ளே இருப்பது ஒரே பொருள்தான் என்றாலும், எழுதியதற்குப் பதில் வேறொன்றைத் தர விதி அனுமதிக்கவில்லை. மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்க வேண்டும். நான் கேட்கிறேன். சிலர் எரிந்து விழுவார்கள், பலர் நன்றி சொல்வார்கள்.

மார்த்தாண்டம் வாசகர்

இரண்டு பதிவுகளையும் படித்து மனம் நெகிழ்ந்தது. ஆனாலும் அந்தப் பெண்ணின் அப்பா இடத்திலிருந்து சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

என் மகன் பி.பார்ம் முடித்தவன். நன்றாகப் படித்தான். முடித்துவிட்டுக் கடைகளில் ஏறி இறங்கியபோது பல இடங்களில் கேட்டது "சான்றிதழை மட்டும் கொடுத்துவிட்டுப் போ, மாதா மாதம் ஒரு தொகை வந்துவிடும்" என்பதுதான். அவன் நிற்க வேண்டிய கவுண்டரில் பத்தாம் வகுப்பு முடித்த பையனை நிறுத்திக்கொள்வார்களாம். நிற்கிறேன் என்று சொன்ன இடங்களில் சம்பளம் கொத்தனார் கூலியைவிடக் குறைவு. காலையில் போனால் இரவு கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். ஞாயிறும் பாதி நாள்.

அவன் இப்போது வளைகுடாவில் இருக்கிறான், நன்றாக இருக்கிறான். ஆனால் அந்த இடைப்பட்ட காலத்தில் வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் பேச்சே இல்லாமல் உட்கார்ந்திருப்பான். மனதில் ஆர்வம் இருக்கிறவர்களுக்குத்தான் அந்த அடி அதிகம் வலிக்கிறது. மகளே, உன்னைத் தடுக்க இதை எழுதவில்லை. தெரிந்துகொண்டு போ என்பதற்காக எழுதுகிறேன்.

நாகர்கோவில் பார்ம்.டி

மார்த்தாண்டம் ஐயா சொல்வது உண்மை. நானும் அதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பார்மசி என்றாலே கடைக் கவுண்டர் மட்டும்தான் என்ற கணக்கில் பேச்சு போகிறது. வேறு வாசல்களும் இருக்கின்றன.

நான் படித்தது பார்ம்.டி. இந்தியாவில் 2008இல் தொடங்கிய படிப்பு. ஐந்து வருட வகுப்பு, ஆறாவது வருடம் மருத்துவமனையில் பயிற்சி. மருத்துவர்கள் வார்டைச் சுற்றி வரும்போது கூடவே போக வேண்டும். நோயாளியின் கோப்பை எடுத்து, அவர் ஏற்கெனவே சாப்பிடுகிற மருந்துகள் என்ன, இன்று எழுதியது என்ன, இரண்டும் ஒன்றோடொன்று மோதுமா, சிறுநீரகம் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

ஒன்று சொல்கிறேன். இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய உண்டு. அவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுவார்கள். அப்படி ஒருவர் பல் ஈறு வீக்கத்துக்கு வேறோர் இடத்தில் மெட்ரோநிடசோல் என்ற ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டிருந்தார். இரண்டும் சேர்ந்தால் வார்ஃபரினின் வேகம் ஏறிவிடும். எங்களிடம் வந்தபோது முழங்கையிலும் தொடையிலும் நீலமாகக் கன்றியிருந்தது. கீழே விழுந்தீர்களா என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க, "பல்லுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிட்டீர்களா?" என்று நான் கேட்டேன். சட்டைப் பையிலிருந்து பாதி தீர்ந்த அட்டையை எடுத்துக் கொடுத்தார். அந்த நிமிடம் என் பெற்றோர் கட்டிய கட்டணத்துக்குப் பொருள் கிடைத்ததாக உணர்ந்தேன்.

இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: இந்த வேலைக்கான இடங்கள் நம் மாவட்ட மருத்துவமனைகளில் இன்னும் மிகக் குறைவு. ஆறு வருடம் செலவழித்துவிட்டு வெளியூர் போகத் தயாராக இருப்பவர்கள்தான் பார்ம்.டி எடுக்க வேண்டும்.

தக்கலை மருந்தாளுநர்

மார்த்தாண்டம் அண்ணனுக்கு: உங்கள் மகன் சான்றிதழை வாடகைக்கு விடாமல் இருந்தாரே, அதற்கு அவரை மனதாரப் பாராட்டுகிறேன்.

1948ஆம் ஆண்டுப் பார்மசி சட்டத்தின் 42ஆவது பிரிவு, பதிவு பெற்ற மருந்தாளுநர் அல்லாதவர் மருத்துவர் சீட்டுக்கு மருந்து கொடுப்பதைத் தடை செய்கிறது. மீறினால் தண்டனை உண்டு. 2014 மார்ச் முதல் அட்டவணை எச்1 வந்திருக்கிறது. வீரியமான ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள் அதில் அடங்கும். அவற்றைக் கொடுக்கும்போது எழுதிய மருத்துவர் யார், நோயாளி யார், என்ன மருந்து, எவ்வளவு என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டும். சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்குகிற கடையில் அதை யார் எழுதுவது, எழுதினாலும் அதில் எவ்வளவு உண்மை இருக்கும்? சம்பளம் ஏன் குறைகிறது என்றால், சான்றிதழை விற்க ஆள் இருக்கிறார்கள் என்பதால்தான். பத்து பேர் சுவரில் தொங்கச் சம்மதித்தால், நிற்க வருகிற பதினோராவது ஆளுக்குக் கூலி எப்படிக் கிடைக்கும்? எனக்கு இதில் கோபம் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குளச்சல் கடலோரம்

நான் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். அரசுப் பணிக்கு டி.பார்ம்தான் அடிப்படைத் தகுதி, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக வருவது. இந்த வாசலை யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். நான் அப்போது மாணவி. கடலுக்குப் போனவர்கள் திரும்புவார்களா என்று கரை முழுக்க அழுகை. மரங்கள் விழுந்து மின்கம்பங்கள் ஒடிந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்தத் துயரத்துக்கு நடுவில் எங்கள் தெருவில் இன்னொரு கவலையும் ஓடிக்கொண்டிருந்தது. சர்க்கரை நோய்க்கு ஊசி போடுகிறவர்களின் இன்சுலின் குளிர்சாதனப் பெட்டிக்குள் சூடேறிக்கொண்டிருந்தது. சிலர் கெட்டுப்போய்விட்டது என்று குப்பியை வீசப் போனார்கள். வேறு சிலர், கடற்கரை அல்லவா, மீனுக்கு வைத்திருந்த ஐஸ் கட்டிகளுக்குள் புதைத்துவைத்தார்கள்.

எங்கள் நிலையத்தில் அப்போது இருந்த மருந்தாளுநர் அம்மா வீடு வீடாக வந்தார். திறந்து பயன்படுத்துகிற குப்பி சுமார் நான்கு வாரம் அறை வெப்பத்திலேயே தாங்கும், வெயிலும் அடுப்புச் சூடும் படாமல் இருந்தால் போதும் என்றார். திறக்காத குப்பிகளை மண்பானைக்குள் வைத்து, பானையை ஈர மணலில் இறக்கச் சொன்னார். ஐஸில் புதைத்தவற்றை எடுத்துப் பார்த்து, உறைந்துபோனவற்றைத் தனியே பிரித்து, "இது இனி தண்ணீருக்குச் சமம், போடாதீர்கள்" என்று தானே வாங்கிக்கொண்டார். சூட்டைவிட உறைவது இன்சுலினுக்குக் கேடு என்பது கரையில் யாருக்கும் தெரியாது. அவர் செருப்பு சேற்றில் அறுந்துபோய், வெறுங்காலோடு நடந்தார். என்னைப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். இன்சுலினை இரண்டு டிகிரி முதல் எட்டு டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று பாடத்தில் வாசித்திருந்தேன். அதற்கு ஒரு தெரு முழுவதின் உயிர் என்று பொருள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

இப்போது நான் செய்கிற வேலையில் பாதி கணக்கு. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கி, பரிசோதித்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்புகிறது. நான் இருப்பைத் தவறாகக் கணித்தால் அடுத்த வாரம் ரத்த அழுத்த மாத்திரை இல்லாமல் முதியவர்கள் திரும்பிப் போவார்கள். 2021இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்குப் பிறகு வீடுகளுக்குப் போகிற மருந்தையும் சேர்த்துக் கணிக்க வேண்டும். வெளியே தெரியாத வேலைதான். எனக்குப் பிடித்த வேலை.

இன்னொன்று, வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைத் தூளான ஓ.ஆர்.எஸ். பொட்டலம். ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டியதை ஒரு டம்ளரில் கலக்கிக் குழந்தைக்குக் கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உப்பு அளவு ஏறி, நல்லது செய்ய வேண்டியதே கெடுதலாகிவிடும். நான் பொட்டலம் கொடுக்கும்போது கூடவே ஒரு காலி லிட்டர் பாட்டிலையும் காட்டுவேன்.

நெய்யூர்ப் பெரியவர்

மக்களே, இந்த இழையை என் பேரன் வாசித்துக் காட்டினான். நான் சொல்ல அவன் தட்டச்சு செய்கிறான்.

நம் மாவட்டத்துக்கு இது புதிய தொழில் இல்லை. நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவப் பணி 1838இல் தொடங்கியது. எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல் டாக்டர் 1920களில் வந்து இங்கேயே தங்கிப் பணி செய்தார். அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். மருந்து கலக்கியவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. என் தகப்பனார் ஒரு மிஷன் மருத்துவமனையில் கம்பவுண்டர். வெள்ளைப் பீங்கான் கல்வத்தில் தூளை அரைத்து, தராசில் நிறுத்து, மிக்சராகக் கலக்கிப் பாட்டிலில் ஊற்றுவார். பிறகு ஒரு காகிதத் துண்டை நீளவாக்கில் மடித்து, ஓரத்தில் கத்தரியால் வெட்டு வெட்டாக வெட்டிப் பிரித்துப் பாட்டிலில் ஒட்டுவார். ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டுவரை ஒரு வேளை மருந்து. எழுதப் படிக்கத் தெரியாத பனையேறிக்கும் அது புரியும். உன் பாட்டிக்கு "ஞாயிறு மட்டும்" என்று எழுதிய பிள்ளை அதே வேலையைத்தான் செய்திருக்கிறாள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. இது மருந்துவாழ் மலை இருக்கிற மாவட்டம். வர்ம ஆசான்களும் சித்த வைத்தியர்களும் வீட்டுக்கு வீடு இருந்த ஊர். இங்கே ஆங்கில மருந்து சாப்பிடுகிறவர் பக்கத்திலேயே ஒரு கஷாயமும் குடித்துக்கொண்டிருப்பார், ஆனால் டாக்டரிடம் சொல்ல மாட்டார். நீ கவுண்டரில் நிற்கும்போது அதையும் கேள். கேலி செய்யாமல் கேள். கேலி செய்தால் அடுத்த முறை மறைத்துவிடுவார்கள்.

குலசேகரம் மாணவி

தாத்தா, உங்கள் பதிவை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். பாட்டிலில் ஒட்டுகிற அந்தக் காகிதத்தை அம்மா சிறுவயதில் பார்த்திருக்கிறாராம்.

தக்கலை அண்ணன், பி.பார்ம் நல்லதா, டி.பார்ம் நல்லதா என்பதில் வீட்டில் குழப்பமாக இருக்கிறது. மருந்து தயாரிக்கும் கம்பெனி வேலை பற்றியும் யாராவது சொல்ல முடியுமா? வேதியியல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

பூதப்பாண்டிப் பையன்

கம்பெனி பற்றி நான் சொல்கிறேன் தங்கச்சி. பி.பார்ம் முடித்துவிட்டு வெளிமாநிலத்தில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். நோயாளி முகத்தைப் பார்க்கிற வேலை இல்லை இது. காலை முதல் மாலைவரை கண்ணாடிக் குடுவைகளும் இயந்திரங்களும்தான். மாத்திரையை 37 டிகிரி வெப்பத்தில், நம் உடம்பின் சூட்டில், ஒரு திரவத்தில் போட்டுச் சுழலவிட்டு, குறித்த நேரத்துக்குள் எத்தனை பங்கு கரைந்தது என்று அளப்போம். கரையாத மாத்திரை வயிற்றில் கல்லாகக் கிடந்து வெளியே போய்விடும், விலை கொடுத்தவருக்குப் பயனில்லை.

ஏன் இந்த வேலை என்று கேட்டால் எனக்கு ஒரே பதில்தான். டைஎத்திலீன் கிளைக்கால் என்று ஒன்று இருக்கிறது. தொழிற்சாலைகளில் பயன்படும் கரைப்பான். இனிப்பாக இருக்கும், சிறுநீரகத்தை அழித்துவிடும். 1937இல் அமெரிக்காவில் ஒரு சல்பா மருந்தை இதில் கரைத்து விற்றதில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2022இல் காம்பியாவில் குழந்தைகள் இறந்தபோது, இந்தியாவிலிருந்து போன இருமல் மருந்துகளில் இதே நஞ்சு கண்டறியப்பட்டது. 2025 அக்டோபரில் நம் தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு இருமல் மருந்தில் இது 48.6 விழுக்காடு இருந்ததாக மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வு சொன்னது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 விழுக்காடு. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் குழந்தைகள் இறந்துபோனார்கள். இதைக் கண்டுபிடிக்கும் சோதனை ஒன்றும் ராக்கெட் அறிவியல் இல்லை. ஒரு முறையான ஆய்வகமும், செய்தே தீருவேன் என்கிற ஓர் ஆளும் இருந்தால் போதும். செய்தி வந்த அன்று எங்கள் ஆய்வகத்தில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வேதியியல் பிடிக்கும் என்றால் வா. இந்த மேசைக்கு மனச்சாட்சியுள்ள ஆட்கள் நிறைய வேண்டும்.

மார்த்தாண்டம் வாசகர்

பூதப்பாண்டித் தம்பியின் பதிவு உலுக்கிவிட்டது. சம்பளத்தைப் பற்றி நான் சொன்னது அப்படியே நிற்கிறது, அதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் என் மகனிடம் இந்த இழையை அனுப்பினேன். "அந்தப் பெண்ணைப் படிக்கச் சொல்லுங்கள் அப்பா, ஆனால் கல்லூரியைப் பார்த்துச் சேரச் சொல்லுங்கள்" என்றான். அவன் சொன்னது: அந்தக் கல்லூரிக்கு அந்த ஆண்டுக்கு இந்தியப் பார்மசி கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளத்தில் நாமே பார்த்துவிட வேண்டும். விளம்பரப் பலகையை நம்பக் கூடாது. அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால் பிறகு மருந்தாளுநராகப் பதிவு செய்ய முடியாது.

தக்கலை மருந்தாளுநர்

தங்கச்சியின் கேள்விக்கு வருகிறேன். பி.பார்ம் நான்கு ஆண்டு. நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். சென்னை, மதுரை அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரசு இடங்கள் இருக்கின்றன. கட்டணம் மிகக் குறைவு, போட்டி அதிகம். முதலில் அதற்கு விண்ணப்பம் போடு. டி.பார்ம் இரண்டு ஆண்டு, பிறகு 500 மணி நேரப் பயிற்சி. அதை முடித்துப் பதிவு செய்துவிட்டு வேலைக்கும் போகலாம். பிறகு பி.பார்ம் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழி இருக்கிறது. அப்பாவின் கூலியை நினைத்துத் தயங்குகிறாய் என்றால் இந்த இரண்டாவது பாதை உனக்குப் பொருந்தும். பூதப்பாண்டித் தம்பி இருக்கிற மாதிரி ஆய்வகத்துக்குப் போவதுதான் ஆசை என்றால் டி.பார்ம் மட்டும் போதாது, பி.பார்ம் வேண்டும். அரசு இடம் கிடைத்தால் யோசிக்காமல் பி.பார்ம், கிடைக்காவிட்டால் டி.பார்ம் வழியாகப் போய் மேலே ஏறு. இது என் கருத்து.

பயிற்சி மணிநேரத்துக்கு இடம் தேடும்போது ஒன்றை மட்டும் பார். கடையில் போய் ஒரு மணி நேரம் ஓரமாக நில். பதிவு பெற்ற மருந்தாளுநர் தானே கவுண்டரில் நிற்கிறாரா, மருந்தைக் கொடுக்கும்போது வாய் திறந்து பேசுகிறாரா என்று கவனி. பேசாமல் பில் மட்டும் போடுகிற இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடாதே. எங்கள் கடையில் பார்க்க விருப்பம் என்றால் அப்பாவோடு வா. திங்கள்கிழமை வேண்டாம், சந்தைக் கூட்டத்தில் பேச நேரம் கிடைக்காது. புதன் அல்லது வியாழன் பிற்பகல் என்றால் எச்1 பதிவேட்டையே எடுத்துக் காட்டி விளக்குகிறேன். வருவதற்கு முந்தின நாள் இங்கே ஒரு வரி எழுதிவிடு.